குருவிக்கூடும் ஹம்னா என்ற பெயரும்

கத்தரிக்கோல் என்ற சொல்தான் முதலில் போனது. நெடுநாள் அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி பஸ்லியா, கல்முனைக்குடியில் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்த பாலர் பாடசாலையின் ஆசிரியை. மாரி முடிந்து வெயில் எட்டிப் பார்க்கத் தொடங்கியதும் சின்னப் பிள்ளைகளை எங்கள் வீட்டு விறாந்தையில் உட்காரவைத்துக் குருவிக்கூடு செய்விப்பாள். கடையில் எதுவும் வாங்கக் கூடாது என்பது அவளுடைய சட்டம். வீட்டில் எது குப்பைக்குப் போகிறதோ அதைக் கொண்டுவாருங்கள் என்பாள். பிள்ளைகள் தயிர்ச்சட்டி, பால்மா டின், ஐஸ்கிரீம் டப்பா, தேங்காய்ச் சிரட்டை, வார் அறுந்த செருப்பு என்று அள்ளிக்கொண்டு வந்து குவிப்பார்கள். ஒரு தாய் பின்னாலேயே ஓடிவந்து, "டீச்சர், இவன் என்ட நல்ல சட்டியையும் தூக்கிட்டு வந்துட்டான்" என்று பறித்துக்கொண்டு போனதும் உண்டு.

நான் வீடுகளுக்கு வயரிங் செய்பவன். துளை போடுவதும் கம்பி முறுக்குவதும் என் பங்கு. என் வேலையை அவள் ஒருநாளும் பாராட்டியது கிடையாது. "ஒங்கட வாப்பா கரண்டு வேலைக்காரன், கூட்டுக்குள்ள லைட்டும் பூட்டிருவாரு, பாத்துக்கங்க" என்று எங்கள் மகள் ஹம்னாவிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அன்றைக்கு ஒரு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த பிள்ளையிடம், "அந்த… அந்த வெட்டுறத எடுங்க" என்றாள்.

"கத்தரிக்கோலா டீச்சர்?"

"ஓம், அதுதான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். டீச்சருக்கு வயசு போய்விட்டது என்று நானும் என் பங்குக்கு ஒன்று விட்டேன். இதை எழுதும்போது அந்தச் சிரிப்புச் சத்தம் எனக்கு நன்றாகவே கேட்கிறது.

அதற்குப் பிறகு ஒன்றொன்றாகப் போயின. குறடு, ஆணி, பசை. எல்லாவற்றுக்கும் 'அது' என்றாள், அல்லது கையால் செய்து காட்டினாள். காலையில் எழும்பும்போது தலைவலி, வாந்தி. கண்ணாடி மாற்றினால் சரியாகும் என்று நான் முடிவு செய்து, கண்ணாடியும் மாற்றினோம். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

ஊர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில் சீ.டி. ஸ்கேன் (தலையைக் குறுக்குக் குறுக்காகப் படம் எடுப்பது) செய்தார்கள். படத்தைப் பார்த்த டொக்டர் எங்கள் ஊர்க்காரர். முகத்தில் எதையும் காட்டாமல், "இருங்க, இருந்து கதைப்பம்" என்று கதிரையைக் காட்டினார். நல்ல செய்தி சொல்பவர்கள் அப்படி உட்காரச் சொல்வதில்லை. இடது காதுக்கு மேலே ஒரு கட்டி இருக்கிறது, சொற்களை எடுத்துக் கொடுக்கும் பகுதி அது, கொழும்புக்குப் போக வேண்டும் என்றார். பஸ்லியா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு விளங்கியது என்று எனக்குத் தெரியாது.

ஹம்னாவைப் பஸ்லியாவின் தங்கை நஸ்லியாவிடம் விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போனோம். ஒப்பரேஷன் செய்து கட்டியில் எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். எடுத்த துண்டைச் சோதித்துவிட்டு (பயொப்சி என்பார்கள்), இது திரும்ப வளரும் வகை என்று சொன்னார்கள். எப்போது என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார்கள். திரும்ப வளராமலும் போகலாமா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். இதை வாசிக்கும் நீங்களும் இந்த நோய் வந்த வீட்டில் இருந்தால், நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். இரண்டாவது கேள்வியையும் கேட்டுவிடுங்கள். பதில் நெஞ்சை உடைக்கும். ஆனாலும் எந்தத் தரையில் நிற்கிறோம் என்று தெரியாமல் ஒருவரைத் தாங்கிப் பிடிக்க முடியாது.

சில நாட்கள் கழித்து ஓர் இளம் டொக்டர் அவளுடைய பேச்சைச் சோதிக்க வந்தார். சிங்களவர். தமிழ் படித்து, நிதானமாகப் பேசக்கூடியவர். படங்களைக் காட்டிக் கேட்டுக்கொண்டே வந்தவர், கடைசியில் என் கைபேசியை வாங்கி எங்கள் குடும்பப் படத்தைக் காட்டி, ஹம்னாவின் முகத்துக்கு நேரே விரலை வைத்தார்.

"இவங்க யாரு?"

"உம்மா" என்றாள் பஸ்லியா, யோசிக்காமல், முகமெல்லாம் சிரிப்பாக.

டொக்டர் எதையோ குறித்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"டொக்டர், அதப் பிழையெண்டு எழுதாதீங்க. எங்கட பக்கம் மகள உம்மா எண்டுதான் கூப்புடுற. மகன வாப்பா எண்டு கூப்புடுற. அது செல்லம்."

அவர் தலையாட்டினார். பாவம், தமிழைப் புத்தகத்தில் படித்தவர் என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். எங்கள் வீடுகளில் பெற்ற தாயும் உம்மாதான், பெண் குழந்தையும் பிறந்த நாளிலிருந்தே உம்மாதான். 'உம்மா சாப்பிட்டாவா', 'என்ட உம்மா எங்க' என்று வீடு முழுவதும் அந்தச் சொல்தான். இது இவருக்கு எப்படித் தெரியப் போகிறது?

"சரி" என்றார் டொக்டர். பஸ்லியாவின் பக்கம் திரும்பி, "உம்மாவுக்குப் பேர் என்ன?" என்று கேட்டார்.

பஸ்லியா படத்தைப் பார்த்தாள். உதட்டைக் குவித்தாள், விரித்தாள். விரலால் ஹம்னாவின் கன்னத்தைத் தடவினாள். தடவியதில் படம் நகர்ந்து அடுத்த படம் வந்துவிட்டது. அது நான் வேலை செய்த ஒரு வீட்டின் பியூஸ் பெட்டி. அதையும் தடவிக்கொண்டிருந்தாள்.

டொக்டர் கைபேசியை மெதுவாக வாங்கி என்னிடம் தந்தார். பிழை என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அவரோடு சண்டையாவது பிடித்திருப்பேன்.

அன்று பின்னேரம் ஹம்னாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. உம்மா ஒங்கட பேரைச் சொல்லுவாவா மகள் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"இல்ல வாப்பா. நோன்புக்கு முன்னமே நிப்பாட்டிட்டா."

நோன்புக்கு முன் என்றால் கத்தரிக்கோலுக்கு எவ்வளவோ முன்னால்.

"ஏன் மனே என்னட்டச் சொல்லல்ல?" என்றேன். மனே என்பது பெற்ற பிள்ளையை நாங்கள் கொஞ்சிக் கூப்பிடுவது.

"ஏசக்குள்ளயும் உம்மா எண்டுதான் ஏசினா. எனக்குச் சிரிப்பு வந்திச்சி. மறுகா சிரிப்பு வரல்ல. நான் என்னமோ பிழ செஞ்சிட்டன், அதான் பேரச் சொல்றாவில்ல எண்டு நினச்சன்."

எங்கள் வீடுகளில் கோபம் வந்தால் முழுப் பெயரும் வரும். திட்டும்போது யாரும் மகளை உம்மா என்று கூப்பிடுவதில்லை. அதை அந்தப் பிள்ளை மட்டும் கவனித்திருந்தாள். நானும் நஸ்லியாவும் வந்து போன சொந்தக்காரர்களும் பஸ்லியா மகள்மேல் வைத்திருக்கும் பாசத்தைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தோம். வேறு ஊரில், வேறு பாஷையில், மகளைத் தாய் என்று ஒருத்தி கூப்பிட்டிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பார்கள்.

அப்போதே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டொக்டரிடம் கேட்டேன். இந்த வகைக்கு அது பெரிய வித்தியாசம் இல்லை என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம், என்மேல் இரக்கப்பட்டும் சொல்லியிருக்கலாம்.

ரேடியோதெரபி (கதிர் பாய்ச்சிக் கட்டியைச் சுருக்குவது) முடிந்து ஊருக்கு வந்தோம். மூளை வீக்கத்துக்குக் கொடுத்த ஸ்டீரொயிட் குளிசையால் அவளுடைய முகம் உப்பி, வேறு யாரோ போல இருந்தாள். ஒப்பரேஷனுக்குப் பிறகு வலது கையும் காலும் சற்றுப் பலவீனம். நான் வலது பக்கம் நின்று பிடித்துக்கொண்டால்தான் நடப்பாள். ஹம்னா வாசலில் நின்று பார்த்தாள். பிறகு ஓடிவந்து வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "உம்மா" என்றாள் பஸ்லியா. "உம்மா" என்றாள் ஹம்னா. இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கு மட்டும் கவலையாக இருந்தது.

ஊரார் வந்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான் வந்தார்கள், அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி கொடுக்கட்டும். கருஞ்சீரகம் தந்தார்கள், ஓதிய தண்ணீர் தந்தார்கள். எல்லாவற்றையும் வாங்கி வைத்தேன். ஆனால் உட்கார்ந்ததும் ஒவ்வொருவரும் கட்டிலுக்குக் கிட்டக் குனிந்து, "என்னத் தெரியிதா? நான் ஆர் சொல்லுங்க பாப்பம்?" என்று கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நோயாளிக்கு ஒரு நாளில் எத்தனை பரீட்சை? ஒரு தடவை என்னுடைய பெரியம்மாவிடமே, "அவக்குத் தெரியாட்டி ஒங்களுக்கே நீங்க ஆரெண்டு மறந்து போகுமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பல நாட்கள் எங்கள் பக்கம் வரவில்லை. பஸ்லியாவுக்கு அது ஓய்வு.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் படுத்திருந்தால், வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே போனதும் உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள், கேட்காதீர்கள் என்று.

பேச்சுச் சிகிச்சை கொடுக்க ஒரு பெண் வந்தார். கல்முனைத் தமிழ்ப் பகுதியைச் சேர்ந்தவர். அஃபேசியா (மூளை பழுதுபட்டதால், தெரிந்த சொல்லே கைக்கு எட்டாமல் போவது) என்றால் என்னவென்று எனக்குச் சரியாக விளக்கியவர் அவர்தான். அறிவு போகவில்லை, அன்பு போகவில்லை, சொல்லுக்குப் போகும் பாதைதான் அடைபட்டிருக்கிறது என்றார். இவருக்குப் பிடித்த வேலை என்ன என்று கேட்டார். ஹம்னா எனக்கு முந்திக்கொண்டு, "குருவிக்கூடு செய்யிற" என்றாள்.

"அப்ப படம் காட்டிப் பழக்க வேணாம். கூடு செய்வம். கைக்கு ஞாபகம் இருந்தா சொல்லும் சில வேள பின்னால வரும்" என்றார் அவர். ஒரு கட்டளையும் போட்டார். சொல் வரவில்லை என்றால் நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். காத்திருங்கள். எவ்வளவு நேரமானாலும்.

ஒழுங்கையிலிருந்து சில பிள்ளைகளை ஹம்னா கூட்டிக்கொண்டு வந்தாள். எல்லாரும் பஸ்லியாவிடம் படித்தவர்கள். வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு விறாந்தையில் பாய் விரித்தோம். மறுபடியும் தயிர்ச்சட்டிகள் வந்தன.

சட்டிதான் பஸ்லியாவுக்கு எப்போதும் விருப்பம். இரண்டு சட்டிகளை வாயோடு வாய் வைத்துக் கம்பியால் கட்டினால் ஒரு கூடு. வெயிலிலும் உள்ளே சுடாது. பக்கத்தில் ஒரு துளை. சோடாப் போத்தல் மூடியை வைத்துக் கோடு போட்டு, அதைவிட நூலளவு பெரிதாகத் துளைக்க வேண்டும். அதற்கு மேல் போனால் மைனா நுழைந்துவிடும். அடியில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள். வாசலில் குச்சி வைக்கக் கூடாது. அழகாக இருக்கும்தான், ஆனால் காகம் வந்து குந்தி உள்ளே கொத்தும். கட்டும்போது வாசல் வாடைக் காற்றுக்கு முதுகு காட்ட வேண்டும். இவையெல்லாம் அவள் ஆண்டாண்டாகச் சொல்லி எங்களுக்கு மனப்பாடமானவை. இப்போது அவள் ஒரு வார்த்தை பேசாமல் சட்டியை வாங்கி, மூடியை வைத்து, இடது கையால் கோடு போட்டாள். பிள்ளை ஒன்று குச்சியை எடுத்து வாசலில் ஒட்டப் போனதும் பட்டென்று கையில் தட்டினாள். அன்று நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

இரண்டாவது வாரம் ஒரு பிள்ளை சிரட்டையை உயர்த்திக் காட்டி, "இது என்ன டீச்சர்?" என்றது. நாங்கள் காத்திருந்தோம். தெருவில் மீன்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனான். அவன் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகும் காத்திருந்தோம்.

"சிரட்ட" என்றாள் பஸ்லியா.

பிள்ளைகள் கை தட்டிக் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஆட்கள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். அதன் பிறகு கம்பி வந்தது. தண்ணி வந்தது. குருவி வந்தது. ஒரு நாள் கத்தரிக்கோலும் வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நஸ்லியா அல்ஹம்துலில்லாஹ் சொல்லிப் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள்.

ஹம்னா ஒவ்வொரு வெள்ளியும் உம்மாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். கையில் எதையும் எடுக்க மாட்டாள். தன்னையே ஒரு பொருள்போல உம்மாவின் முன்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"எல்லாத்துட பேரும் வருது வாப்பா" என்று ஒரு நாள் சொன்னாள். "சிரட்டைக்கும் வந்துட்டு. எனக்கு மட்டும் வருதில்ல."

சிகிச்சை கொடுப்பவரிடம் இதைக் கேட்டேன். பெயர்தான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்றார். கத்தரிக்கோல் வெட்டும், சிரட்டை தேங்காயிலிருந்து வரும், அந்தச் சொற்களைப் பிடித்து இழுக்க ஏதோ ஒரு நுனி இருக்கிறது. பெயருக்கு அப்படி நுனி இல்லை. இதை ஹம்னாவுக்கு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. சொல்லாமல் விட்டேன்.

அவள் தானாக ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு கூட்டைத் தனியாகச் செய்து, என்னிடமிருந்த பெயின்றால் அதன்மேல் பெரிதாக ஹம்னா என்று எழுதி, உம்மாவின் ஜன்னலுக்கு வெளியே கட்டச் சொன்னாள். கண் விழித்ததும் தெரிய வேண்டும் என்றாள். கட்டினேன். பஸ்லியா காலையில் எழும்பி அதைப் பார்ப்பாள். ஹம்னா எழுத்துக்களுக்கு நேரே விரலை வைத்துக் காத்திருப்பாள்.

"குருவி" என்பாள் பஸ்லியா.

உண்மையில் அதில் குருவியும் இல்லை. ஓர் அணில் குடிவந்து தேங்காய்த் தும்பையெல்லாம் உள்ளே திணித்து வைத்திருந்தது. "உம்மா, அது அணில்" என்று ஹம்னா திருத்துவாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். மறுநாள் காலை மறுபடியும் விரலை வைப்பாள்.

ஒரு காலை பஸ்லியா எழுத்துக்களை நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஹம்னாவின் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய வாய் திறந்தது. "ஹ…" என்றாள். அதோடு நின்றுவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் காத்து நின்றோம். அவள் களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஹ எண்டு சொன்னா வாப்பா. நீங்களும் கேட்டீங்கதானே?"

"ஓம் மனே, கேட்டன்."

கேட்டது உண்மை. ஆனால் ஹ என்பது வெறும் மூச்சு. நோயாளி பெருமூச்சு விட்டாலும் அப்படித்தான் கேட்கும். ஹம்னா அன்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த ஸ்கேனில் கட்டி திரும்ப வந்திருந்தது. முன்பைவிடப் பெரிதாக. இனி வெட்டுவதில் பயனில்லை, வீட்டில் வைத்து வலியில்லாமல் பாருங்கள் என்றார்கள். வந்த சொற்கள் வந்த வழியே திரும்பின. சிரட்டை போனது, கம்பி போனது. வெள்ளிக்கிழமைப் பிள்ளைகளை நான்தான் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அந்தச் சின்ன முகங்களைப் பார்த்து அதைச் சொன்னது எனக்கு இன்னும் வலிக்கிறது. கடைசியில் அவளிடம் மிஞ்சியவை இரண்டு மூன்று சொற்கள்தான். அதில் உம்மாவும் ஒன்று.

ஒரு நாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு, பள்ளிக்கூடம் விட்டு வந்த ஹம்னா புத்தகப் பையை வைத்துவிட்டு உம்மாவைப் பார்க்க அறைக்குள் போனாள். நான் கட்டிலின் தலைமாட்டில் இருந்தேன். அவள் உடுப்பு மாற்றுவதற்காகத் திரும்பியபோது பஸ்லியா இடது கையை நீட்டி அவளுடைய பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் அப்படி ஒரு பயம். கூட்டத்தில் தாயைத் தவறவிட்ட பிள்ளையின் முகம் அது.

"உம்மா… போகாதீங்க."

அது செல்லம் இல்லை என்று அப்போது எனக்கு விளங்கியது. பஸ்லியாவின் தாய் காலமாகிப் பல வருடங்கள். ஹம்னாவுக்கு அவருடைய முகச்சாடை. என்னால் தாங்க முடியவில்லை. சிகிச்சைக்காரர் சொன்னதெல்லாம் மறந்துபோய் பஸ்லியாவின் முகத்தைப் பிடித்து ஹம்னாவின் பக்கம் திருப்பினேன்.

"புள்ள, நல்லாப் பாருங்க. இது ஒங்கட மகள். ஹம்னா. ஹம்னா எண்டு சொல்லுங்க. ஒருக்காச் சொல்லுங்க."

"வாப்பா, உடுங்க" என்றாள் ஹம்னா.

அவள் கட்டில் விளிம்பில் ஏறி உட்கார்ந்தாள். உம்மாவின் கையைப் பாவாடையிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மொட்டைத் தலையில் அப்போதுதான் முளைத்திருந்த மயிரை மெதுவாகத் தடவினாள்.

"போகல்ல மனே" என்றாள். "உம்மா இஞ்சதான் இரிக்கன்."

பஸ்லியாவின் முகம் தெளிந்தது. நான் எழுந்து கிணற்றடிக்குப் போய் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாய்விட்டு அழக்கூட எனக்கு முடியவில்லை.

அன்றிலிருந்து ஹம்னா பெயரைக் கேட்கவில்லை. எழுத்துக்களில் விரலை வைக்கவில்லை. கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். "இன்னும் ஒரு வாய் மனே" என்று சொல்லி ஊட்டினாள். எங்கே பழகினாள் என்று நான் யோசித்தேன். அந்தக் கட்டிலில் கிடப்பவளிடம்தான் பழகியிருந்தாள்.

பஸ்லியா ஒரு முற்பகலில், நல்ல வெளிச்சத்தில் கண்ணை மூடி மௌத்தானாள். பெயர் வரவில்லை. இதை நான் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். சிகிச்சையும் துஆவும் பொறுமையும் அன்பும் எல்லாம் இருந்தும், கடைசிவரை அது வரவில்லை. உங்களுக்கு வரலாம். சிலருக்கு வருகிறது என்று சிகிச்சைக்காரர் சொல்லியிருக்கிறார். வராவிட்டால் நீங்கள் ஏதோ குறை வைத்துவிட்டீர்கள் என்று நினைக்காதீர்கள்.

எங்கள் வழக்கத்தில் பெண்கள் அடக்கம் செய்யும் மையவாடிக்கு வருவதில்லை. ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஒழுங்கை முனையில் திரும்பும்வரை ஹம்னா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். நஸ்லியா சொன்னாள். அடக்கம் முடிந்து நான் காலில் மணலோடு வீட்டுக்கு வந்தேன். ஹம்னா முதலில் என் பின்னால் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தனியவா உட்டுட்டு வந்தீங்க வாப்பா?"



எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. கல்யாணத்தின்போது நான்தான் பஸ்லியாவின் வீட்டுக்கு வந்தவன். இப்போது இது ஹம்னாவின் வீடு, நான் மகளின் வீட்டில் இருக்கிறேன். தெருவில் நடக்கும்போது என் இடது பக்கத்தில் இன்னும் ஓர் ஆள் அளவு இடம் விட்டு நடக்கிறேன். எதிரே வருபவர்கள் அந்த இடத்தால் நடந்து போனால் எனக்குத் திடுக்கென்கிறது. கேட்டுவிட்டுக் காத்திருக்கும் பழக்கமும் போகவில்லை. வேலைக்குப் போன வீட்டில் "சுவிச்சு எங்க வைக்கணும்?" என்று கேட்டுவிட்டு நிற்கிறேன். அவர்கள் பதில் சொல்லி முடித்த பிறகும் நிற்கிறேன். என்னுடைய நேரம் மற்றவர்களுடைய நேரத்தைவிட மெதுவாகப் போகிறது. ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பேசுகிறார்களாம். ஆகிவிட்டதுதான்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறதே என்று குசினியிலிருந்து கூப்பிட்டேன். "உம்மா, சுறுக்கா வாங்க." பதில் இல்லை. இரண்டு மூன்று தடவை கூப்பிட்டேன். பாதி பின்னிய தலையோடு வந்து கதவடியில் நின்றாள்.

"அப்படிக் கூப்புடாதீங்க வாப்பா."

"ஏன் மனே?"

"எனக்குப் பேர் இரிக்கிதானே. நீங்களும் சொல்லாட்டி மறுகா ஆர் சொல்லுற?"

நான் அடுப்பை அணைத்தேன். அவளுடைய தலையின் மறுபாதியைப் பின்னிவிட்டேன். எனக்குப் பின்னத் தெரியாது, வயரை முறுக்குவதுபோல முறுக்கிவிட்டேன். அவள் அப்படியே பள்ளிக்கூடம் போனாள்.

இப்போது அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். தேவை இருந்தாலும் கூப்பிடுகிறேன், இல்லாவிட்டாலும் கூப்பிடுகிறேன். அறையில் அவள் படித்துக்கொண்டிருப்பாள், நான் விறாந்தையில் இருப்பேன்.

"ஹம்னா."

"என்ன வாப்பா?"

சொல்ல என்னிடம் ஒன்றும் இருப்பதில்லை. "ஒண்டுமில்ல மகள், சும்மா" என்கிறேன்.

அவள் ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. "ஓம் வாப்பா, கேட்டிச்சி" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்து படிக்கிறாள்.